அறிவியல் கேள்வி – பதில்: செல்லை மாற்றுவது யார்?

கேள்வி: ஒட்டுண்ணி புகுந்த செல்லில் ஏராளமான மரபணுக்களின் இயக்கம் மாறுகிறது என்கிறார்கள். அது செல் தன்னைக் காத்துக்கொள்ளும் முயற்சியா, ஒட்டுண்ணியின் வேலையா என்பதை எப்படிப் பிரித்தறிகிறார்கள்?

பதில்: இந்த ஆய்வின் மிகக் கடினமான இடமே இதுதான். மரபணுக்களின் செய்தியைச் சுமந்து செல்லும் நகல்களான தூது ஆர்.என்.ஏ.க்களைச் செல்லிலிருந்து பிரித்தெடுத்து அளந்தால், எந்த மரபணு முடுக்கிவிடப்பட்டிருக்கிறது, எது அடங்கியிருக்கிறது என்று தெரியும், காரணம் தெரியாது. தொற்றிய செல்லையும் தொற்றாத செல்லையும் ஒப்பிடுவதோடு நிறுத்திக்கொள்ளாமல், ஒட்டுண்ணியையும் மாற்றிப் பார்க்க வேண்டும்.

பூனையின் குடலில் பாலினப்பெருக்கம் செய்யும் டாக்ஸோபிளாஸ்மா காண்டி என்ற ஒட்டுண்ணியை வைத்து 2007இல் வெளியான ஆய்வு இதற்கு அருமையான சான்று. அந்த ஒட்டுண்ணியின் இரண்டாம், மூன்றாம் வகைகளைக் கலந்து பெற்ற சந்ததிகளைத் தனித்தனியே மனிதச் செல்களில் தொற்றவிட்டு, செல்லின் மரபணு வெளிப்பாட்டில் தோன்றிய வேறுபாடுகளை, ஒவ்வொரு சந்ததியும் எந்தப் பெற்றோரிடமிருந்து எந்த மரபணுப் பகுதியைப் பெற்றது என்பதோடு பொருத்திப் பார்த்தார்கள். மனிதச் செல்லில் நிகழ்ந்த பல மாற்றங்களுக்கு ஒட்டுண்ணியின் ஒரே மரபணு காரணமாக இருந்தது! அது உருவாக்கும் ராப்-16 என்ற நொதியை, செல்லுக்குள் நுழையும்போதே ஒட்டுண்ணி உட்செலுத்திவிடுகிறது. அந்த நொதி, மரபணுக்களை முடுக்கிவிடும் ஸ்டாட்-3, ஸ்டாட்-6 என்ற செல்லின் புரதங்களைத் தூண்டி, நோயெதிர்ப்புக்கு அழைப்பு விடுக்கும் இன்டர்லூக்கின்-12இன் உற்பத்தியைக் குறைக்கிறது. செல்லின் தற்காப்பு மட்டுமே காரணமாக இருந்திருந்தால், மாற்றங்கள் இப்படி ஒட்டுண்ணியின் ஒரு மரபணுவைப் பின்தொடர்ந்திருக்க மாட்டா.

மாற வேண்டியது மாறாமல் இருப்பதும் தடயம்தான். நோயெதிர்ப்புச் செல்கள் எச்சரிக்கையாக வெளியிடும் இன்டர்ஃபெரான் காமா என்ற புரதத்தைச் சேர்த்தால் சாதாரணச் செல்லில் தற்காப்பு மரபணுக்கள் விழித்தெழும். ஏற்கெனவே டாக்ஸோபிளாஸ்மா தொற்றிய செல்லில் அவை பெரும்பாலும் எழுவதில்லை. இதற்குக் காரணமான ஒட்டுண்ணிப் புரதம் 2016இல் அடையாளம் காணப்பட்டது.

இன்னொரு சிக்கலும் உண்டு: தான் நுழையாத செல்களிலும் இந்த ஒட்டுண்ணி தன் புரதங்களைச் செலுத்திவிட்டுப் போகிறது. எல்லாச் செல்களையும் ஒன்றாகக் கரைத்து அளந்தால் இவையும் கலந்துவிடும் என்பதால், செல் செல்லாகப் பிரித்து அளக்கும் முறையை நான் பெரிதும் மதிக்கிறேன்.

கேள்வி: மலேரியா தொற்றிய சிவப்பணுவிலும் இப்படி ஆராயலாமா?

பதில்: முதிர்ந்த சிவப்பணுவில் உட்கரு இல்லாததால், அது புதிதாகத் தூது ஆர்.என்.ஏ. உருவாக்காது, அங்கே ஒட்டுண்ணியின் மரபணு வெளிப்பாட்டைத்தான் ஆராய முடியும். மலேரியா ஒட்டுண்ணி ரத்தத்துக்கு வருமுன் கல்லீரல் செல்களில் பெருகுகிறது. இரு தரப்பையும் சேர்த்து ஆராய அந்தக் கட்டமே ஏற்றது.