தளத்தை மாற்றினேன், தமிழெல்லாம் கேள்விக்குறி ஆகிவிட்டது

கேள்வி: குமுளியில் ஏலக்காய், மிளகு கடை வைத்திருக்கிறோம். எங்கள் வேர்ட்பிரஸ் தளத்தைப் புது ஹோஸ்டிங்குக்கு மாற்றினேன். சிபேனலில் (ஹோஸ்டிங்கை நிர்வகிக்கும் பக்கம்) டேட்டாபேஸ் உருவாக்கி இம்போர்ட் செய்த பிறகு விலை, படம் எல்லாம் சரியாக வருகிறது. தமிழிலும் மலையாளத்திலும் இருந்த பொருள் பெயர்கள் மட்டும் வெறும் கேள்விக்குறிகளாகத் தெரிகின்றன. ஐயப்ப சீசன் நெருங்குகிறது. எல்லாவற்றையும் மறுபடி தட்டச்சு செய்துவிடலாமா?

பதில்: வேண்டாம். பழைய ஹோஸ்டிங்கையும் இப்போதைக்கு ரத்து செய்துவிடாதீர்கள், உங்கள் தமிழ் பத்திரமாக இருக்கும் இடம் அதுதான். அதைவிட அவசரமான ஒன்று: புதுத் தளத்தில் கேள்விக்குறியோடு தெரியும் எந்தப் பொருளையும் திறந்து 'அப்டேட்' அழுத்தாதீர்கள். இதுவரை திரையில் மட்டும் கேள்விக்குறியாக இருந்தாலும், அழுத்திய நொடியில் அது டேட்டாபேஸுக்குள்ளேயே எழுதப்பட்டுவிடும், அதன்பின் அந்த நகலில் எந்த மந்திரத்தாலும் திரும்ப வராது.

சரி, கோளாறு எங்கே? சிபேனலில், டேட்டாபேஸின் உள்ளே என்ன இருக்கிறது என்று காட்டும் பிஎச்பிமைஅட்மினைத் திறந்து, பெயர் 'போஸ்ட்ஸ்' என்று முடியும் டேபிளில் ஏதாவது ஒரு பொருளைப் பாருங்கள். அங்கே தமிழ் ஒழுங்காகத் தெரிந்தால் சந்தோஷம், தரவுக்கு ஒன்றும் ஆகவில்லை, தளம் டேட்டாபேஸோடு பேசும் எழுத்துவகைதான் (கேரக்டர் செட், எழுத்துகளை பைட்டுகளாகச் சேமிக்கும் முறை) தவறு. வேர்ட்பிரஸின் கான்ஃபிக் கோப்பில் டிபி கேரக்டர்செட் என்ற வரியில், எல்லா மொழி எழுத்துகளையும் தாங்கும் யுடிஎஃப்8எம்பி4 என்று இருக்கிறதா பாருங்கள், இல்லையென்றால் மாற்றுங்கள், அவ்வளவுதான்.

பிஎச்பிமைஅட்மினிலும் கேள்விக்குறியே இருந்தால் இந்த நகல் கெட்டுவிட்டது என்று அர்த்தம். லத்தீன்1 என்ற பழைய எழுத்துவகையில் தமிழுக்கோ மலையாளத்துக்கோ இடமே கிடையாது, அதனால் அதில் அமைந்த டேபிளுக்குள் நுழையும் ஒவ்வொரு தமிழ், மலையாளக் குறியீட்டையும் டேட்டாபேஸ் மென்பொருளான மைஎஸ்க்யூஎல் ஒரு கேள்விக்குறியாக மாற்றிவிடும். 'ஏலக்காய்' என்று எழுதினால் புள்ளி, துணைக்கால் எல்லாம் தனித்தனியாக எண்ணப்பட்டு எட்டுக் கேள்விக்குறி நிற்கும். தலையில் கோடு போட்ட ஆங்கில 'ஏ', வட்டத்துக்குள் ஆங்கில 'ஆர்' என்று விநோதமான எழுத்துகள் வரிசையாக வந்தால் அது வேறு வியாதி, பார்க்கப் பயமாக இருந்தாலும் பெரும்பாலும் மீட்டுவிடலாம். தமிழின் ஒவ்வொரு குறியீடும் யுடிஎஃப்-8 முறையில் மூன்று பைட், அந்த மூன்றையும் தனித்தனி லத்தீன் எழுத்தாகப் படித்ததால் வந்த கோலம் அது. கேள்விக்குறியில் அந்த பைட்டுகளே போய்விட்டன, இதில் உள்ளே அப்படியே இருக்கின்றன. ஆனால் அதைச் சரிசெய்ய எஸ்க்யூஎல் கட்டளை தெரிந்தவரை உட்கார வையுங்கள், பட்டனை அழுத்திப் பார்க்கும் வேலை அல்ல.

நகல் கெட்டிருந்தால் மறுபடி இம்போர்ட்தான். பழைய இடத்தின் பிஎச்பிமைஅட்மினில் இருந்து எஸ்க்யூஎல் கோப்பாகப் புதிதாக எக்ஸ்போர்ட் செய்து, எந்த வேலைக்கும் முன்னால் அதை ஒரு டெக்ஸ்ட் எடிட்டரில் திறந்து தமிழ் தெரிகிறதா என்று கண்ணால் பாருங்கள். பலர் இதைத்தான் தவறவிடுகிறார்கள், கோப்பிலேயே கெட்டுப்போயிருப்பதை எத்தனை தடவை இம்போர்ட் செய்தும் பயனில்லை. கோப்பு நன்றாக இருந்தால் சிபேனலில் புது டேட்டாபேஸ் ஒன்று உருவாக்கி (உங்கள் சிபேனல் யூசர் பெயர் முன்னொட்டாகச் சேர்ந்துவரும், கான்ஃபிக்கில் முழுப்பெயரும் வேண்டும்), அதற்கு யூசரைச் சேர்த்து எல்லா உரிமைகளும் கொடுத்துவிடுங்கள். அப்புறம் பிஎச்பிமைஅட்மினின் ஆபரேஷன்ஸ் பக்கத்தில் கொலேஷனை (எழுத்துவகையையும் எழுத்துகளை வரிசைப்படுத்தும் விதியையும் குறிக்கும் பெயர்) யுடிஎஃப்8எம்பி4 யூனிகோட் சிஐ என்று மாற்றிவிட்டு இம்போர்ட் செய்யுங்கள், ஏனென்றால் எழுத்துவகை சொல்லாமல் உருவாகும் டேபிள்கள் டேட்டாபேஸின் எழுத்துவகையையே எடுத்துக்கொள்ளும். கோப்பிலேயே டேபிள்களுக்கு லத்தீன்1 என்று எழுதியிருந்தால் அதையும் மாற்ற வேண்டும். இம்போர்ட் பக்கத்தில் கோப்பின் எழுத்துவகை யுடிஎஃப்-8 என்றே இருக்கட்டும். அளவு வரம்பை மீறினால் கோப்பை ஜிஜிப் ஆகச் சுருக்கி ஏற்றுங்கள். 1273 என்ற பிழை வந்து, அதில் 0900 என்ற எண் உள்ள கொலேஷன் பெயர் தெரிந்தால், மைஎஸ்க்யூஎல் 8-இல் எடுத்த கோப்பைப் பழைய மரியாடிபி (மைஎஸ்க்யூஎல்லின் கிளையாக வந்த இன்னொரு டேட்டாபேஸ் மென்பொருள்) புரிந்துகொள்ளவில்லை என்று பொருள். கோப்பில் அந்தப் பெயரை எல்லா இடத்திலும் யுடிஎஃப்8எம்பி4 யூனிகோட் சிஐ என்று மாற்றினால் ஏறிவிடும். மழையில் கரண்ட் போய் இம்போர்ட் பாதியில் நின்றால் தொடராதீர்கள், டேபிள்களை நீக்கிவிட்டு முதலில் இருந்து ஆரம்பியுங்கள்.

இதற்கிடையில் புதுத் தளத்துக்கு ஆர்டர் ஏதும் வந்திருந்தால் மறு இம்போர்ட்டில் அது காணாமல் போகும், முன்னாலேயே குறித்து வைத்துக்கொண்டு, வேலை முடியும்வரை தளத்தை பராமரிப்பு நிலையில் வையுங்கள். கார்த்திகை பிறந்து கம்பம் வழியாக பக்தர் கூட்டம் வர ஆரம்பித்த பிறகு இதைத் தொடாதீர்கள், அதற்குள் முடித்துவிடுங்கள்.

முடிந்ததும் தேடல் பெட்டியில் தமிழில் ஒரு பொருளும் மலையாளத்தில் ஒரு பொருளும் தேடிப் பாருங்கள், ஒரு பழைய ஆர்டரைத் திறந்து முகவரியைச் சரிபாருங்கள். கடைசியாக, எஸ்க்யூஎல் கோப்பை, இணையத்தில் யாரும் எட்டக்கூடிய பப்ளிக் எச்டிஎம்எல் ஃபோல்டரில் வைத்திருந்தால் உங்கள் கணினிக்கு இறக்கிக்கொண்டு அங்கிருந்து அழித்துவிடுங்கள், பெயரை ஊகித்த யாரும் உங்கள் வாடிக்கையாளர்களின் முகவரியையும் போன் நம்பரையும் அப்படியே இறக்கிக்கொள்ள முடியும்.