தேக்குக்குப் பதிலாக எந்தப் பலகை?

கேள்வி: கும்பகோணத்தில் வீடு கட்டிக்கொண்டிருக்கிறோம். எல்லாவற்றையும் தேக்கில் செய்ய வசதியில்லை, காட்டு மரத்தை வெட்டவைக்கவும் மனமில்லை. ஆசாரி பிளைவுட் போடச் சொல்கிறார். கடைக்காரர் எம்.டி.எஃப் போதும் என்கிறார். எஞ்சினியரோ டபிள்யூ.பி.சி-தான் சுற்றுச்சூழலுக்கு நல்லது என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது? வெளிநாட்டில் மரத்திலேயே அடுக்குமாடி கட்டுகிறார்களாமே, மொட்டைமாடியில் அப்படி ஓர் அறை போடலாமா?

பதில்: மூன்று பேர் சொல்வதும் வீட்டின் ஏதோ ஓர் இடத்துக்குப் பொருந்தும். எந்தப் பலகை எந்த இடத்துக்கு என்பதுதான் கணக்கு. காய்ந்த மரத்தின் எடையில் ஏறக்குறைய பாதி கார்பன். அதாவது ஒரு கிலோ மரம் காற்றிலிருந்து சுமார் 1.8 கிலோ கரியமில வாயுவை இழுத்து வைத்திருக்கிறது. உங்கள் அலமாரி நிற்கும்வரை அது அங்கேயே இருக்கும். நாலு வருஷத்தில் ஊதிப்போய் எரித்துவிட்டால் அத்தனையும் காற்றுக்குத் திரும்பிவிடும், மறுபடி ஒரு பலகை வாங்க வேண்டும். ஆகவே நீண்டநாள் உழைக்கிற பலகையே பசுமையான பலகை.

காட்டு மரம் பற்றிய உங்கள் கவலை நியாயமானது. கூடலூர்க் காடுகள் வெட்டப்படுவதை எதிர்த்து நிலம்பூரின் கோதவர்மன் திருமுல்பாடு தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பரில் பிறப்பித்த உத்தரவு, நாடு முழுக்கக் காட்டில் மரம் வெட்டுவதை இறுக்கிப்பிடித்தது. அதன்பின் பிளைவுட் ஆலைகள் விவசாயிகளின் மரத்தை மேலும் மேலும் நம்ப வேண்டியதாயிற்று. வடக்கே பாப்லர், தைலமரம். கேரளத்தில் ரப்பர். நம் பக்கம் மலைவேம்பு. ரப்பர் மரம் 25, 30 வருஷம் பால் கொடுத்து ஓய்ந்தபிறகு வெட்டப்படுவது. அதைப் பலகையாக்குவதில் எனக்கு எந்த உறுத்தலும் இல்லை. ஆனால் மருந்தேற்றாத ரப்பர் மரம் சீக்கிரம் உளுத்துப்போகும். போரிக் அமிலமும் வெண்காரமும் அழுத்தத்தில் ஏற்றியதா என்று கேட்டு வாங்குங்கள்.

அடுத்தது பசை. பிளைவுட்டின் ஆயுளே இதில்தான் இருக்கிறது. எம்.ஆர் என்று விற்கிற சாதாரண ரகத்தில் யூரியா பசை. ஈரப்பதம் கொஞ்சம் தாங்கும், தண்ணீர் தாங்காது. சமையலறைக்குத் தேவை பினால் பசை போட்ட ஐ.எஸ் 710 ரகம் (ஐ.எஸ் என்பது இந்தியத் தர எண்). இதன் மாதிரியை 72 மணிநேரம் கொதிக்கவைத்துச் சோதிப்பார்கள், இதில் பூச்சி மருந்தும் ஏற்றியிருக்க வேண்டும். கடையில் பலகையின் முன்பக்கத்தைப் பார்த்து மயங்காமல் விளிம்பைப் பாருங்கள். பினால் பசைக் கோடு கருஞ்சிவப்பாகத் தெரியும், யூரியா பசை வெளிறியிருக்கும். சாயம் கலந்து ஏமாற்றுபவர்களும் உண்டு என்பதால் நிறத்தை மட்டும் நம்ப வேண்டாம். உள்ளங்கை அளவு துண்டு வாங்கி வந்து பாத்திரத்தில் போட்டு ஒரு பகல் முழுக்கக் கொதிக்கவிடுங்கள். எடுத்ததும் விளிம்பில் நகத்தை நுழைத்துப் பாருங்கள். அடுக்கு பிரிந்தால் அந்தக் கடைக்கே போகாதீர்கள். பில்லில் ஐ.எஸ் எண்ணும், பலகையில் ஐ.எஸ்.ஐ முத்திரையும் இருக்கட்டும்.

எம்.டி.எஃப் மரநாரை அழுத்திச் செய்தது. வழவழப்பானது, பெயின்ட் அழகாக ஏறும். ஈரம் ஏறாத படுக்கையறையில் அலமாரிக் கதவுக்குத் தாராளமாகப் போடலாம். சிங்குக்குக் கீழே மட்டும் வேண்டவே வேண்டாம். ஒரு குழாய்க் கசிவு போதும், அடிவிளிம்பு ரொட்டி மாதிரி உப்பும், பிறகு அமுங்காது.

டபிள்யூ.பி.சி என்று இங்கே விற்பதில் பெரும்பகுதி பி.வி.சி பிளாஸ்டிக், அதோடு கொஞ்சம் மரத்தூள். கரையான் அரிக்காது, தண்ணீரில் ஊறாது, குளியலறை நிலைக்கு நல்ல தேர்வு. ஆனால் சுற்றுச்சூழலுக்கு நல்லது என்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். எரிந்தால் அமிலப் புகை வரும், மறுசுழற்சியும் எளிதல்ல. அடுப்புப் பக்கத்துச் சூட்டில் நெளியலாம், பாத்திரம் அடுக்கும் நீளமான தட்டாகப் போட்டால் தொய்யும்.

யூரியா பசைப் பலகைகளிலிருந்து ஃபார்மால்டிஹைடு வாயு கசியும். புழுக்கத்தில் இன்னும் அதிகம். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை இதைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்றே வகைப்படுத்தியிருக்கிறது. ஆகவே இ-1 என்ற குறைந்த கசிவு ரகமோ, அதைவிடக் குறைந்ததோ கேளுங்கள். வெளிப்பக்கம் மட்டும் மைக்கா ஒட்டி உள்பக்கத்தை வெறுமனே விடும் வழக்கத்துக்கு ஒத்துக்கொள்ளாதீர்கள். இரண்டு பக்கமும் ஒட்டி, வெட்டிய விளிம்பெல்லாம் மூடினால் வாயுவும் குறையும், ஈரமும் ஏறாது. குழந்தைகள் தூங்கும் அறையில் இதைக் கண்டிப்பாகச் செய்யுங்கள்.

வாசல் கதவு, நிலைக்கு? பழைய மரக்கடைக்குப் போங்கள். இடித்த வீட்டுத் தேக்கு நன்றாக உலர்ந்து, முறுக்கெல்லாம் அடங்கியிருக்கும். இழைத்தால் புதிதாகிவிடும், அதற்காக ஒரு மரமும் புதிதாக விழாது.

சரி, மொட்டைமாடி அறை. நீங்கள் கேள்விப்பட்டது உண்மைதான். நார்வேயின் புருமுண்டாலில் 2019இல் முடிந்த மியோஸ்டார்னெட் என்ற மரக் கட்டடம் 18 தளம், 85 மீட்டர் உயரம். பலகைகளை நீளவாக்கில் ஒட்டிய குளூலாம் தூண்களும் உத்திரங்களும்தான் அதைத் தாங்குகின்றன. காற்றில் ஆடாமலிருக்கப் பாரம் வேண்டுமென்று மேல் தளங்களுக்குக் கான்கிரீட் தரை போட்டார்கள். தீயிலும் பருத்த உத்திரம் சட்டென்று விழாது. நிமிடத்துக்குச் சுமார் 0.7 மி.மீ வீதம்தான் கரியாகும், அந்தக் கரியே உள்மரத்துக்குக் காப்பு.

ஆனாலும் உங்களுக்கு முழு மர அறையை நான் சொல்ல மாட்டேன். ஐப்பசி மழை, கரையான், இந்த வேலை தெரிந்த ஆள் கிடைக்காதது எல்லாம் சேர்ந்து செலவை ஏற்றிவிடும். கூரையை மட்டும் குளூலாமில் போடலாம். சுவருக்கு வெளியே இரண்டடி தாழ்வாரம் விடுங்கள். கூரையைத் தாங்கும் கட்டை தளத்தைத் தொடாமல், அடியை ஏந்திப்பிடிக்கும் இரும்புத் தாங்கியில் நிற்கட்டும். கணக்குப் போடும் எஞ்சினியர் தேசியக் கட்டட விதித்தொகுப்பின் மரப் பகுதியைப் பார்த்தவராக இருக்கட்டும்.

அப்புறம் ஒன்று. பூச்சுவேலை காயும் முன்பே பலகையை இறக்கிவிடாதீர்கள். தரை, சுவர் எல்லாம் உலர்ந்தபிறகு கொண்டுவந்து, அந்த அறையிலேயே ஒரு வாரம் படுக்கவாட்டில் அடுக்கிவைத்து, அதன்பின் அறுக்கச் சொல்லுங்கள். சமையலறைப் பெட்டிகளைத் தரையில் உட்காரவைக்காமல் நாலு அங்குலக் கால்மேல் நிறுத்தினால் கழுவிவிடும் தண்ணீர் பலகையைத் தொடாது. கரையான் மண்பாதை கட்டினாலும் குனிந்து பார்த்தால் தெரிந்துவிடும்.