அப்பாவுக்கு அலெக்சாண்டிரியா: கேம் வழியே ஊர் சுற்ற எதை வாங்குவது?

கேள்வி: அப்பாவுக்கு 74 வயது. எகிப்து, கிரீஸ் என்றால் உயிர். பிரமிடு பற்றி எந்த நிகழ்ச்சி ஓடினாலும் தொலைக்காட்சியை விட்டு நகர மாட்டார். முழங்கால் அறுவை சிகிச்சைக்குப் பிறகு நீண்ட பயணம் வேண்டாம் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். ஏதோ ஒரு கேமில் பழைய எகிப்து முழுவதையும் நடந்து பார்க்கலாம் என்கிறான் என் மகன். வாள் சுழற்றிச் சண்டை போடுவதெல்லாம் அப்பாவுக்கு ஆகாது. சுற்றிப் பார்க்க மட்டும் தனியாக ஏதாவது விற்கிறார்களா? — ஈசூன் வாசகி

பதில்: விற்கிறார்கள். ஆனால் பணம் கட்டுவதற்கு முன்னால், மகனின் கணக்கில் ஏற்கெனவே என்னென்ன கேம் இருக்கிறது என்று கேளுங்கள். பழைய எகிப்தில் நடக்கும் ‘அசாசின்ஸ் கிரீட் ஆரிஜின்ஸ்’ இருந்தால் உங்கள் செலவு பூஜ்ஜியம். 2017இல் வந்த அந்த கேமுக்கு, 2018 பிப்ரவரியில் ‘டிஸ்கவரி டூர்’ என்ற பகுதியை யூபிசாஃப்ட் நிறுவனம் இலவசமாகச் சேர்த்தது. சண்டை இல்லை, எதிரி இல்லை, செத்துப் பிழைப்பதும் இல்லை. கிரீஸ் வேண்டுமானால், அதே வரிசையில் வந்த ‘ஒடிசி’ கேமை வைத்திருப்பவர்களுக்கு 2019 செப்டம்பரில் அதே போல ஒன்று வந்தது. இவை கேமுக்குள்ளேயே இருப்பது தெரியாமல், தனியாக விற்கும் டிஸ்கவரி டூரை இரண்டாவது முறை காசு கொடுத்து வாங்கியவர்கள் எனக்குத் தெரிந்தே இருக்கிறார்கள்.

மகனிடம் இல்லையென்றால் கணினிக்கு டிஸ்கவரி டூரை மட்டும் தனியாக வாங்கலாம். எகிப்துச் சுற்றுலா வெளியானபோது 20 அமெரிக்க வெள்ளிக்கு விற்றது. அவசரப்படாதீர்கள். பழைய கேம்களுக்கு ஆண்டில் பல முறை பெரிய தள்ளுபடி வரும். சில சமயம் முழு கேமே தனிச் சுற்றுலாவை விடக் குறைந்த விலைக்கு வந்துவிடும். அப்போது கேமை வாங்கினால் அப்பாவுக்குச் சுற்றுலா, மகனுக்கு விளையாட்டு, இரண்டும் கிடைக்கும். 2020 முதல் வெளிநாட்டு மின்னிலக்கச் சேவைகளுக்கும் சிங்கப்பூரில் நாம் பொருள் சேவை வரி கட்டுகிறோம், இப்போது 9 விழுக்காடு. கடைசிப் பக்கத்தில் வரும் தொகையை வைத்து ஒப்பிடுங்கள்.

சரி, அப்பாவுக்கு என்ன கிடைக்கும்? 75 சுற்றுலாக்கள். தரையில் ஒளிரும் கோடு போகும். அதன் வழியே நடந்தால் ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஒரு குரல் விளக்கம் சொல்லும். அலெக்சாண்டிரியாவின் கலங்கரை விளக்கம் எனக்கு மிகவும் பிடித்த இடம். நிலநடுக்கங்களில் இடிந்துபோன அதை இனி எந்த விமானச் சீட்டு வாங்கியும் பார்க்க முடியாது. அது நின்ற இடத்தில் 1477 முதல் ஒரு கோட்டை இருக்கிறது. கேமில் அதன் அடியில் நின்று அண்ணாந்து பார்க்கும்போது அது எத்தனை பெரியது என்று உடம்புக்கே புரியும். பள்ளிப் பாடத்தில் படித்தபோது எனக்கு அப்படிப் புரியவில்லை.

என் அம்மாவை இதன் முன் உட்கார வைத்தேன். பிரமிடைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு, ரொட்டி சுடும் இடத்திலேயே அரை மணி நேரம் நின்றுவிட்டார். மாவு அரைப்பது, அடுப்பு மூட்டுவது, பீர் காய்ச்சுவது என்று அன்றாட வாழ்க்கைக்கென்றே தனிப் பகுதி இருக்கிறது. “நம்ம ஊர் அம்மிக்கல் மாதிரியே இருக்கே” என்றார். அப்பாவை வரிசைப்படி போகச் சொல்ல வேண்டாம், அவர் இஷ்டத்துக்கு விடுங்கள்.

இரண்டு விஷயம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். கேம் காட்டுவது கிளியோபாத்ராவின் காலம், அதாவது கி.மு. 49ஐ ஒட்டிய எகிப்து. அப்போதே கிசாவின் பெரிய பிரமிடுக்கு 2,500 வயது. அது கட்டப்படுவதைப் பார்க்கலாம் என்று நினைத்தால் ஏமாற்றமாக இருக்கும். அப்புறம், அந்தப் பிரமிடுக்குள் காட்டும் சில அறைகள் ஒரு பிரெஞ்சுக் கட்டடக் கலைஞரின் ஊகம். அகழாய்வில் கண்டவை அல்ல. ஊர்களுக்கு இடையிலான தூரமும் நடந்து கடக்க வசதியாகச் சுருக்கப்பட்டது.

தமிழில் குரலோ எழுத்தோ கிடையாது. ஆங்கில வசன வரிகளைப் போட்டு வைத்து, முதல் சில நாள் பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து சொல்லிக் கொடுங்கள். விசைப்பலகையை விடக் கையில் பிடிக்கும் கன்ட்ரோலர் பெரியவர்களுக்கு எளிது. ஒரு குச்சி நடக்க, மற்றொன்று தலையைத் திருப்ப. இரண்டையும் சேர்த்து அசைக்கப் பழக ஒரு வாரம் ஆகலாம். அதற்குள் தனக்கு வராது என்று அவர் ஒதுங்கிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பூம்புகாருக்கு இப்படி ஒன்று யாராவது செய்ய மாட்டார்களா என்று ஒவ்வொரு முறையும் ஏக்கமாக இருக்கிறது. மருவூர்ப்பாக்கத்துக் கடைத்தெருவில் நம் பெரியவர்கள் நடக்க வேண்டும்.

கேள்வி: எகிப்துச் சுற்றுலாவை ஸ்டீம் என்ற இணைய கேம் கடையில் வாங்கினேன். என் அலுவலக மடிக்கணினியில் ஒவ்வொரு படமாகப் புரட்டுவது போலத் தத்தித் தத்தி நகர்கிறது. பணம் திரும்பக் கிடைக்குமா? — பொங்கோல் வாசகர்

பதில்: வாங்கி 14 நாளுக்குள், ஓட்டிய நேரம் மொத்தம் 2 மணி நேரத்துக்குக் கீழ் இருந்தால் கிடைக்கும். இன்றைக்கே கேளுங்கள். சரிசெய்து பார்க்கிறேன் என்று திறந்து வைத்திருக்கும் நேரமும் அந்த 2 மணி நேரத்தில் சேரும். அலுவலக மடிக்கணினிகளில் தனி கிராஃபிக்ஸ் அட்டை பெரும்பாலும் இருக்காது. இந்த கேமுக்கு அது கட்டாயம் வேண்டும். இதற்காகப் புதுக் கணினி வாங்காதீர்கள். யார் வீட்டிலாவது பழைய பிளேஸ்டேஷன் 4 சும்மா கிடந்தால் அதுவே போதும். ஆரிஜின்ஸின் பழைய வட்டை வாங்கிப் போடலாம். பார்த்து முடித்ததும் விற்றும் விடலாம். வட்டு நுழைக்கும் இடம் இல்லாத பிளேஸ்டேஷன் 5 வகையும் உண்டு, அதைக் கவனித்து வாங்குங்கள்.

இணையத்தில் வாங்குவது பொருள் அல்ல, பயன்படுத்தும் உரிமம். 2024 மார்ச் 31 அன்று ‘தி க்ரூ’ என்ற கார் பந்தய கேமின் சர்வரை யூபிசாஃப்ட் மூடியதும், காசு கொடுத்தவர்களாலும் அதைத் திறக்க முடியாமல் போனது. பார்க்க நினைத்த ஊரை வாங்கிய கையோடு பார்த்துவிடுங்கள்.

கேள்வி: கடைத்தொகுதியில் இருந்த ஒரு சாவடியில் என் மாமியாரை உட்கார வைத்து, தலையில் மாட்டும் விஆர் (மெய்நிகர்) கருவியும் இரண்டு ஆண்டு ‘உலகச் சுற்றுலா’ சந்தாவும் 1,000 வெள்ளிக்கு மேல் விற்றுவிட்டார்கள். ரோம், எகிப்து என்று நூற்றுக்கணக்கான இடங்கள் என்றார்கள். வீட்டில் திறந்தால் பத்துப் பன்னிரண்டு காணொளிகள்தான். மாட்டினால் தலை வேறு சுற்றுகிறது. திருப்பி எடுக்க முடியாது என்கிறார்கள். — பிடோக் வாசகி

பதில்: இதைப் படித்ததும் கோபம் வந்தது. வயதானவரின் ஆசையைக் காட்டியே விற்றிருக்கிறார்கள்.

உங்கள் புகாரை இரண்டாகப் பிரியுங்கள். தலை சுற்றுகிறது, பிடிக்கவில்லை என்பதற்காகப் பணம் திருப்பித் தரும் கட்டாயம் கடைக்குச் சட்டப்படி இல்லை. நூற்றுக்கணக்கான இடங்கள் என்று சொல்லிப் பன்னிரண்டைக் கொடுத்தது வேறு. உண்மை அல்லாததைச் சொல்லி விற்பது பயனீட்டாளர் பாதுகாப்பு (நியாயமான வர்த்தக) சட்டப்படி நியாயமற்ற செயல். அதைப் பிடித்துக்கொள்ளுங்கள். ரசீது, துண்டுப் பிரசுரம், வாட்ஸ்அப் செய்தி, திரையில் தெரியும் காணொளிப் பட்டியலின் படம், எல்லாவற்றையும் சேர்த்துக் கடைக்கு எழுத்தில் அனுப்பி, பதில் தர ஒரு தேதி கொடுங்கள். மசியவில்லை என்றால் சிங்கப்பூர்ப் பயனீட்டாளர் சங்கமான கேஸிடம் போங்கள். அதற்கும் அசையாவிட்டால் சிறு கோரிக்கைகள் நடுவர் மன்றம் இருக்கிறது: 20,000 வெள்ளி வரையிலான கோரிக்கைகளை, இரண்டு ஆண்டுக்குள் கொண்டு வந்தால் கேட்கும். அங்கே வழக்கறிஞர் தேவையில்லை. கருவியே பழுது என்றால், பழுதான பொருளை வாங்கியவர்களுக்கான லெமன் சட்டமும் துணைக்கு வரும். வாங்கிய ஆறு மாதத்துக்குள் தெரியும் பழுது, விற்கும்போதே இருந்ததாகவே கொள்ளப்படும்.

இந்த மாதிரிச் சுற்றுலாவுக்கு மாதச் சந்தா கட்டவே தேவையில்லாத நல்லவை இருக்கின்றன. எகிப்து அரசி நெஃபர்டாரியின் கல்லறையை அப்படியே விஆரில் நடந்து பார்க்கும் ஒன்று ஸ்டீமில் இலவசம். கணினியோடு இணையும் கருவி வேண்டும். நாற்காலியில் உட்கார்ந்து பத்து நிமிடம் பார்த்தால் பலருக்குத் தலைசுற்றல் குறையும். மாமியாருக்கு அப்போதும் சுற்றினால் விஆரை விட்டுவிடுங்கள். மேலே ஈசூன் வாசகிக்குச் சொன்னதைப் பெரிய திரையில் போட்டுக் கொடுங்கள்.

கேள்வி: உயர்நிலை மூன்றில் படிக்கிறேன். பாரிஸ் நோட்ரடாம் தேவாலயம் பற்றி ஒப்படைப்பு செய்ய வேண்டும். ‘அசாசின்ஸ் கிரீட் யூனிட்டி’ இலவசமாகக் கிடைக்கும் என்று ஒரு பக்கத்தில் பார்த்தேன். உண்மையா? — ஜூரோங் மாணவர்

பதில்: தேவாலயத்தில் நடந்த 2019 ஏப்ரல் 15 தீ விபத்துக்குப் பிறகு கணினிக்கு ஒரே ஒரு வாரம் இலவசமாகக் கொடுத்தார்கள். அது முடிந்துவிட்டது, தம்பி. இன்னும் இலவசம் என்று சொல்லி உங்கள் கணக்கு விவரமோ கடவுச்சொல்லோ கேட்கும் பக்கத்தை உடனே மூடிவிடுங்கள். புரட்சிக் காலப் பாரிஸில் நடக்கும் யூனிட்டியில் சுற்றுலாப் பகுதி கிடையாது. கில்லட்டினும் ரத்தமும் நிறைய உண்டு, அதனால் கடைப் பக்கத்தில் இருக்கும் வயதுக் குறியீட்டைப் பெற்றோருடன் பாருங்கள். எம்18 என்று போட்டிருந்தால் 18 வயது ஆகாதவர்களுக்கு விற்கக் கூடாது. ஒப்படைப்புக்கு யூடியூபில் அந்த கேமின் தேவாலயத்தை நடந்து காட்டும் காணொளியே போதும், காசு செலவில்லை.

அதில் ஒரு கூர்மையான கோபுரம் தெரியும். கேம் நடக்கும் பிரெஞ்சுப் புரட்சிக் காலத்துக்குள் பழைய கோபுரம் அகற்றப்பட்டுவிட்டது; தீயில் விழுந்தது 19ஆம் நூற்றாண்டில் எழுப்பியது. பார்ப்பவர்களுக்கு அடையாளம் தெரியட்டும் என்று கேமில் வைத்துவிட்டார்கள். தேவாலயத்தை மீண்டும் கட்ட இந்த கேம்தான் உதவியது என்றும் சொல்வார்கள், அதை எழுதிவிடாதீர்கள். அந்தக் கட்டடத்தை 2010இல் லேசர் கொண்டு அளந்து வைத்தவர் கலை வரலாற்றாசிரியர் ஆண்ட்ரூ டாலன். ஒப்படைப்பில் அவர் பெயர் இடம்பெறட்டும்.