மரத்துப்போன பாதத்துக்கு எந்த வீடியோ சரி?

கேள்வி: அம்மாவுக்கு 62 வயது. 14 வருடமாகச் சர்க்கரை. ஆறு மாதமாக உள்ளங்கால் மதமதவென்று இருக்கிறதாம். செருப்பு கழன்று போனால்கூடத் தெரிவதில்லை. குதிகாலில் பித்தவெடிப்பு, வலது கட்டைவிரலுக்குக் கீழே ஓர் ஆணி. கல் உப்பு போட்ட வெந்நீரில் 20 நிமிடம் காலை வைக்கச் சொல்கிறது ஒரு வீடியோ. மருந்துக்கடையில் ஆணி பிளாஸ்டர் வாங்கி ஒட்டச் சொல்கிறது இன்னொன்று. வெறுங்காலில் புல்லில் நடந்தால் நரம்புக்கு உயிர் வரும் என்கிறது வேறொன்று. இணையத்தில் எதை நம்புவது? – ஒரு வாசகி

பதில்: அந்த மூன்றையும் இன்றே நிறுத்திவிடுங்கள்.

நாளெல்லாம் நின்று களைத்த காலுக்கு வெந்நீர் இதம்தான். ஆனால் சூடு தெரியாத கால், கொப்புளம் எழும்பிய பிறகும் தண்ணீரிலேயே இருக்கும். சர்க்கரையால் வியர்வை நரம்புகளும் கெடுவதால்தான் அம்மாவின் தோல் காய்ந்து வெடிக்கிறது. நெடுநேரம் ஊறவைத்தால் இருக்கிற எண்ணெய்ப் பசையும் போய், விரலிடுக்கு ஊறி வெளுத்து, சேற்றுப்புண்ணுக்கு வழி திறக்கும். கால் கழுவும் தண்ணீர் 37 டிகிரி செல்சியஸைத் தாண்டக் கூடாது. முழங்கையை விட்டுச் சூடு பாருங்கள். பார்ப்பது நீங்களாக இருந்தால் இன்னும் நல்லது.

ஆணி பிளாஸ்டரில் இருப்பது சாலிசிலிக் அமிலம், பெரும்பாலும் 40 சதவீதம். தடித்த தோலைக் கரைப்பது அதன் வேலை. ஆணியைக் கரைத்துவிட்டு, விலகி ஒட்டியிருந்தால் பக்கத்து நல்ல தோலையும் கரைக்கும். உணர்வு உள்ளவர் எரிச்சல் எடுத்ததும் பிய்த்துப் போட்டுவிடுவார். அம்மாவுக்கு எரிச்சலே தெரியாது. பெட்டியைத் திருப்பிப் பாருங்கள், சர்க்கரை நோயாளிகளுக்கான எச்சரிக்கை பொடி எழுத்தில் இருக்கும். உண்மையில் மரத்த காலில் கட்டைவிரலுக்குக் கீழே ஆணி வருவது, அந்த இடத்தில் அழுத்தம் மிகுந்துவிட்டதற்கான அறிகுறி. அதன் அடியிலேயே புண் மறைந்திருக்கலாம். பயிற்சி பெற்றவர் சீவி எடுத்துப் பார்த்தால்தான் தெரியும். வீட்டு பிளேடு வேண்டவே வேண்டாம்.

அந்த வீடியோக்காரர்கள் பொய் சொல்கிறார்கள் என்று சொல்ல வரவில்லை. அவர்கள் பேசுவது உணர்வுள்ள காலைப் பற்றி. இணையத்தில் பாதம் பற்றி எதைப் படித்தாலும், ‘இது யார் காலுக்கு எழுதியது?’ என்று முதலில் கேளுங்கள். சர்க்கரை உள்ளவர்களுக்குத் தனியாக ஒரு வரியாவது இல்லாத குறிப்பு, எவ்வளவு பெரிய மருத்துவர் சொன்னதாக இருந்தாலும், அம்மாவுக்கானது அல்ல.

அம்மாவின் கால் எந்த வகை என்பதை வீட்டிலேயே ஓரளவு தெரிந்துகொள்ளலாம். இங்கிலாந்தின் இப்ஸ்விச் நகரில் உருவான தொடு பரிசோதனை இது. அம்மாவைக் கண்ணை மூடச் சொல்லுங்கள். இரண்டு பாதத்திலும் கட்டைவிரல், நடுவிரல், சுண்டுவிரல் நுனிகளை உங்கள் ஆள்காட்டி விரலால் ஒன்றிரண்டு விநாடி மெல்லத் தொடுங்கள். அழுத்தவோ தட்டவோ தேய்க்கவோ கூடாது. அழுத்தினால் மரத்த காலுக்கும் தெரிந்துவிடும், பரிசோதனை வீணாகும். ஆறு இடங்களில் இரண்டோ அதற்கு மேலோ தெரியவில்லை என்றால் சூடும் வலியும் தெரிந்து காலைக் காக்கும் பாதுகாப்பு உணர்வு குறைந்துவிட்டது என்று பொருள். மருத்துவர் இதையே மோனோஃபிலமென்ட் என்னும், 10 கிராம் அழுத்தம் தரும் நைலான் இழையால் உறுதி செய்வார்.

இனி தேடும் முறை. ‘பித்தவெடிப்பு’ என்று மட்டும் தட்டினால் அழகுக் குறிப்புகள்தான் வரிசை கட்டும். ‘சர்க்கரை நோய் பாதப் பராமரிப்பு’ என்று தேடுங்கள். ஆங்கிலம் வாசிப்பீர்கள் என்றால் ‘டயபடிக் ஃபுட் கேர்’ என்று ஆங்கில எழுத்தில் தட்டி, பிரிட்டன் பொதுச் சுகாதாரச் சேவையான என்.ஹெச்.எஸ். பக்கத்தைத் திறங்கள். கடைசியாக எப்போது சரிபார்த்தார்கள் என்ற தேதி அதில் இருக்கும். தேதியே போடாத மருத்துவப் பக்கத்தை நாங்கள் கணக்கில் எடுப்பதில்லை. உலகெங்கும் மருத்துவர்கள் பின்பற்றுவது ஐ.டபிள்யூ.ஜி.டி.எஃப். என்ற பன்னாட்டு நீரிழிவுப் பாதக் குழுவின் 2023 வழிகாட்டுதல், இணையத்தில் இலவசம். மருத்துவருக்காக எழுதியதுதான், ஆனாலும் தடுப்பு பற்றிய பகுதி உங்களுக்குப் புரியும். வெறுங்கால் கூடாது, ஆணிக்கு ரசாயனப் பிளாஸ்டர் கூடாது என்று அதிலேயே இருக்கிறது. உணர்வு போனவர்கள் ஆறு மாதம் முதல் ஒரு வருடத்துக்கு ஒருமுறையும், கூடவே ரத்த ஓட்டம் குறைந்தோ பாத வடிவம் மாறியோ இருந்தால் மூன்று முதல் ஆறு மாதத்துக்கு ஒருமுறையும் பாதத்தைக் காட்ட வேண்டும் என்பதும் அங்கே உள்ள கணக்குதான்.

வீடியோவில் பேசுபவர் தன்னை மருத்துவர் என்றால், தேசிய மருத்துவ ஆணையத்தின் தளத்தில் இந்திய மருத்துவப் பதிவேட்டில் பெயரைத் தேடுங்கள். பேச்சின் முடிவில் எண்ணெயோ பொடியோ விற்கிறாரா என்றும் பாருங்கள். விற்கிறார் என்றால் அங்கேயே மூடிவிடலாம்.

வெளிநாட்டுத் தளங்கள் சொல்லாத சில விஷயங்கள் நமக்கு உண்டு. வெயிலேறிய கோயில் பிரகாரத்துக் கருங்கல், உணர்வில்லாத பாதத்தைச் சுட்டுவிடும். அம்மா காலையில் சீக்கிரமே போய் வரட்டும், பருத்தி சாக்ஸ் போட்டுக்கொண்டு. வீட்டுக்குள் நடக்கவும் தனியாக ஒரு ஜோடி எம்.சி.ஆர். என்னும் மெத்தென்ற ரப்பர் செருப்பு வேண்டும். உணர்வற்ற பாதம் புண்ணாவது தொடர்ந்து ஒரே இடத்தில் விழும் அழுத்தத்தால்தான் என்பதை வேலூர் சி.எம்.சி.யில் டாக்டர் பால் பிராண்டின் குழு தொழுநோயாளிகளிடம் கண்டது. இந்தச் செருப்பு வந்த வழி அது. வாங்கும்போது பின்பட்டை உள்ளதாகப் பாருங்கள், இல்லையென்றால் இப்போது போலவே கழன்றுபோகும். விரலிடுக்கில் வார் உள்ளது வேண்டாம், உராய்ந்து புண்ணாக்கும். கால் சற்று வீங்கும் மாலை நேரத்தில் அளவு பாருங்கள். போடுமுன் ஒவ்வொரு முறையும் கவிழ்த்துத் தட்ட வேண்டும். உள்ளே கிடக்கும் ஒரு புளியங்கொட்டை போதும்.

வெடிப்புக்கு யூரியா 10 சதவீதம் உள்ள கிரீமை, குளித்துத் துடைத்ததும் குதிகாலிலும் உள்ளங்காலிலும் தடவுங்கள். விரலிடுக்கில் தடவாமல் ஈரம் போகத் துடைத்தால் போதும். வெடிப்பில் ரத்தம் கசிந்தால் கிரீமை விட்டுவிட்டு மருத்துவரிடம் காட்டுங்கள். நகத்தை நேராக வெட்டுங்கள், ஓரத்தைத் தோண்டாமல். அம்மா குனிந்து பார்க்க முடியாவிட்டால் தரையில் ஒரு கண்ணாடியை வைத்து உள்ளங்காலைத் தினமும் பார்க்கட்டும்.

மதமதப்புக்கு இன்னொரு காரணமும் இருக்கலாம். பல வருடம் மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரை சாப்பிட்டால் வைட்டமின் பி12 குறையலாம், அதுவும் நரம்பைக் கெடுக்கும். தானாக ஊசி போடாமல், பி12 அளவைப் பார்க்கலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். பாத நாடியையும் அன்றே பார்க்கச் சொல்லுங்கள்.

புதிதாகப் புண், கொப்புளம், கசிவு, நாற்றம், கருமை, காய்ச்சல் எது வந்தாலும் அன்றே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். புண்ணே இல்லாமல் ஒரு பாதம் மட்டும் வீங்கிச் சிவந்து, மற்றதைவிடச் சூடாக இருந்தாலும் அப்படித்தான். ‘சார்கோ பாதம்’ என்ற எலும்பு நொறுங்கும் நிலையாக இருக்கலாம். வலி இல்லையே என்று அந்தக் காலை ஊன்றி நடக்க விடாதீர்கள்.