கிராபிக்ஸ் கார்டை மாற்றத்தான் வேண்டுமா?

கேள்வி: கேம் ஆடும்போது திரையில் வண்ணக் கட்டங்கள் சிதறி, கணினி உறைந்துவிடுகிறது. ஆறு வருடப் பழைய கார்டு. புதிது வாங்கிவிடலாமா?

பதில்: அவசரப்படாதீர்கள். விண்டோஸ் வருவதற்கு முன், கணினியைப் போட்டதும் முதலில் தோன்றும் பயாஸ் திரையிலேயே கட்டங்கள் தெரிகின்றனவா? கேபிளையும் மானிட்டரையும் மாற்றியும் போகவில்லை என்றால், பெரும்பாலும் கார்டின் மெமரி சிப்தான் பழுது. மாற்றிவிடுங்கள்.

கேமில் மட்டும் வந்தால் கார்டு பிழைக்க வாய்ப்புண்டு. விண்டோஸை அடிப்படை வசதிகளோடு மட்டும் இயக்கும் சேஃப் மோடில், கார்டை இயக்கும் மென்பொருளான டிரைவரை முழுதாக நீக்கி மறுபடி போடுங்கள். கார்டின் சூட்டை வெளியேற்றும் உலோகத் தகடுகளில் (ஹீட்சிங்க்) படிந்த தூசியை ஊதுங்கள். ஊதும்போது ஃபேன் இறகை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் அசுர வேகத்தில் சுற்றி பேரிங் கெடும். சிப்புக்கும் ஹீட்சிங்குக்கும் நடுவே சூட்டைக் கடத்தும், காய்ந்து பொருக்காகிப்போன தெர்மல் பேஸ்ட்டைத் துடைத்துப் புதிதாகப் பூசுங்கள். கார்டைச் சமையலறை அவனில் (oven) வைத்துச் சுடும் வைத்தியம் மட்டும் வேண்டவே வேண்டாம்.

புதிது என்றால் முதலில் பவர் சப்ளை அந்தக் கார்டுக்குப் போதுமா என்று பாருங்கள். மதர்போர்டில் கார்டைச் செருகும் ஸ்லாட் தருவது 75 வாட். பவர் சப்ளையிலிருந்து கார்டுக்கு வரும் 8 பின் இணைப்பு தருவது 150 வாட். கார்டு அடங்குமா என்று கேபினட்டுக்குள் நீளத்தையும் அளந்துவிடுங்கள்.