திப்பி தின்னும் மாட்டின் பாலில் கொழுப்பு குறைவது ஏன்?

கேள்வி: ஆத்தூர் அருகே இரண்டு கலப்பினக் கறவை மாடுகள் வைத்திருக்கிறேன். சேகோ (ஜவ்வரிசி) ஆலையில் மரவள்ளிக் கிழங்கிலிருந்து மாவெடுத்த பின் எஞ்சும் சக்கையான ஈரத் திப்பி மலிவாகக் கிடைப்பதால், ஒரு மாதமாக மாட்டுக்கு நாளொன்றுக்கு 15 கிலோ போட்டு, சோளத்தட்டைக் குறைத்துவிட்டேன். பால் ஒரு லிட்டர் கூடியது. ஆனால் சொசைட்டியில் கொழுப்பு 4.1 சதவீதத்திலிருந்து 3.0-க்கு இறங்கிவிட்டது. கடலை எண்ணெய் ஊற்றினால் சரியாகுமா?

பதில்: எண்ணெய் ஊற்ற வேண்டாம், குறை தட்டைக் குறைத்ததில்தான் இருக்கிறது.

திப்பியில் தங்கியிருக்கும் மாவுச்சத்தும், சோளத்தட்டின் நாரான செல்லுலோஸும் குளுக்கோஸ் என்னும் ஒரே சர்க்கரையால் கோக்கப்பட்டவையே. கண்ணிகள் இணைந்திருக்கும் விதம் மட்டுமே வேறு. அந்த ஒரு வேறுபாட்டால் மாவுச்சத்து முதல் இரைப்பையில் விரைவாக நொதித்துவிடுகிறது. செல்லுலோஸையோ மாட்டின் சொந்தச் செரிமான நீர் எதுவும் அறுப்பதில்லை, அங்கு வாழும் நுண்ணுயிர்கள்தாம் மெல்ல அறுத்து அசிட்டிக் அமிலமாக்குகின்றன. பால் கொழுப்பில் ஏறக்குறைய பாதியை மடி தானே உருவாக்குகிறது. அதற்கு முதன்மையான மூலப்பொருள் இந்த அசிட்டிக் அமிலம். நெய்யாக உருகும் பொருளில் ஒரு நல்ல பங்கு வறட்டுத் தட்டிலிருந்து வருகிறது என்பது பலருக்கு நம்ப முடியாததாக இருக்கிறது.

மாவுச்சத்து மிகுந்தால் புரோப்பியோனிக் அமிலம் கூடும். ஈரல் அதைக் குளுக்கோஸாக்க, மடி அதிலிருந்து பால் சர்க்கரையைச் செய்ய, அச்சர்க்கரை நீரை இழுப்பதால் பாலின் அளவு ஏறுகிறது. தங்களுக்குக் கூடிய ஒரு லிட்டர் இவ்வாறு வந்ததே. அதே வேளையில் இரைப்பையில் புளிப்பு ஏறி, நாரைச் சிதைக்கும் நுண்ணுயிர்கள் மடியத் தொடங்குகின்றன; அசிட்டிக் அமிலமும், அதனால் பாலின் கொழுப்பும் குறைகின்றன. படுத்திருக்கும் மாட்டின் அருகே அமர்ந்து எண்ணிப் பாருங்கள்: அசைபோட வாய்க்கு வரும் ஓர் உருண்டையை 50 முறைக்குக் குறையாமல் மென்று விழுங்க வேண்டும். 40-க்கும் கீழே போனாலோ, சாணம் குமிழியுடன் இளகிப் போனாலோ புளிப்பு ஏறிவிட்டது என்று கொள்ளலாம். அசை குறைந்தால் புளிப்பை ஆற்றும் உமிழ்நீரும் குறைந்துவிடும்.

கொழுப்பு ஒரு கிராமுக்கு 9 கலோரி தரும், மாவுச்சத்து 4 மட்டுமே தரும் என்பது உண்மைதான். ஆயினும் கடலை எண்ணெய் போன்ற நிறைவுறாக் கொழுப்பு நாரின் மேல் படிந்து, அந்த நுண்ணுயிர்களை மேலும் கெடுத்து, பால் கொழுப்பை இன்னும் இறக்கிவிடும். கடைகளில் விற்கும் பைபாஸ் கொழுப்பு, கால்சியத்துடன் பிணைக்கப்பட்டு முதல் இரைப்பையைக் கரையாமல் கடப்பது; புளித்த இரைப்பையில் அந்தப் பிணைப்பும் அவிழ்ந்துவிடுமாதலால், முதலில் நாரைச் சரிசெய்த பின்னரே அதற்குச் செலவு செய்யுங்கள்.

திப்பியை ஒரு வாரத்துக்குள் படிப்படியாகப் பாதியாகக் குறைத்து, ஒரே வேளையில் கொட்டாமல் மூன்று வேளையாகப் பிரித்து, ஒவ்வொரு முறையும் தட்டைத் தின்ற பிறகே வையுங்கள். தட்டைப் பொடியாக்காமல் விரல் நீளத்துக்கு நறுக்கி, நாளொன்றுக்கு 5 கிலோவாவது கொடுங்கள். திப்பியில் புரதம் மிகக் குறைவு என்பதால் கடலைப் பிண்ணாக்கு ஒரு கிலோ சேர்ப்பது அவசியம். சமையல் சோடா 50 கிராம் தீவனத்தில் கலந்து வந்தால் புளிப்பு தணியும். பூஞ்சணம் பிடித்த திப்பியை ஒருபோதும் வைக்காதீர்கள். மாடு தீவனத்தை அறவே ஒதுக்கினால் அன்றே கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்; இல்லையெனில் மூன்று வாரம் கழித்துக் கொழுப்பை மறுபடி பார்த்து எழுதுங்கள்.