குளிரில் கிளோவர் தழைச்சத்து தராதது ஏன்?

கிளோவர் (புல்லோடு சேர்த்து வளர்க்கும் பயறுவகைத் தீவனச் செடி) விதைக்கும்போது ரைசோபியம் (அதன் வேர்முடிச்சில் இருந்து காற்றிலுள்ள தழைச்சத்தைப் பிடித்துத் தரும் நுண்ணுயிர்) கலந்தும், வசந்தத் தொடக்கத்தில் புல் வெளிறிக் கிடக்கிறது, கிளோவர் எழவே இல்லை, நுண்ணுயிர் செத்துவிட்டதா என்று கேட்டிருந்தீர்கள். பெரும்பாலும் சாகவில்லை. மண் இன்னும் குளிர்ந்திருக்கிறது, அவ்வளவுதான்.

ரைகிராஸ் என்ற மேய்ச்சல் புல், மண் 5-6 டிகிரி செல்சியஸில் இருக்கும்போதே வளரத் தொடங்கும். வெள்ளைக் கிளோவருக்கு 8-10 வேண்டும். அதற்குக் கீழே வேர்முடிச்சு உருவாவதும் மந்தம், தழைச்சத்தைப் பிடிக்கும் நைட்ரஜனேஸ் நொதியின் வேலையும் மந்தம். 20-25 டிகிரியில் நன்றாக நடக்கும். 30ஐத் தாண்டினால், அதுவும் மண் காய்ந்திருந்தால், மறுபடி சரியும். காற்றின் வெப்பத்தை நம்பாதீர்கள். காலை 9 மணிக்கு 10 செ.மீ. ஆழத்தில் மண் வெப்பமானியைச் செருகி, ஒரு வாரம் தொடர்ந்து குறித்துக்கொள்ளுங்கள்.

10ஐத் தாண்டி இரண்டு மூன்று வாரம் ஆனதும் சில செடிகளை மண்கட்டியோடு தோண்டி, வேரைக் கழுவி, முடிச்சுகளை நகத்தால் பிளந்து பாருங்கள். (பிடுங்கினால் முடிச்சு மண்ணிலேயே தங்கிவிடும்.) உள்ளே இளஞ்சிவப்பு என்றால் வேலை நடக்கிறது. பச்சை, சாம்பல் நிறமென்றால் இல்லை. அப்போதுதான் மண்ணின் அமிலத்தன்மை, மாலிப்டினம் (முடிச்சுக்குத் தேவையான நுண்ணூட்டம்) பற்றாக்குறை பக்கம் போக வேண்டும். மண்ணின் பிஎச் 5.5க்குக் கீழே இருந்தால் முதல் சந்தேகம் அதுதான்.

தீவனம் உடனே தேவையென்றால் ஹெக்டேருக்கு 60 கிலோ யூரியா, ஒரே முறை. அதற்கு மேல் போட்டால் புல் மளமளவென்று எழுந்து கிளோவரின் ஓடுதண்டுகளை நிழலில் அமுக்கிவிடும். யூரியாவிலிருந்து மண்ணில் நைட்ரேட் (கரையும் தழைச்சத்து) கிடைத்தால் முடிச்சும் சோம்பிவிடும். ஆகவே யூரியா போட்ட இடத்தைப் புல் 5 செ.மீ. உயரத்துக்குக் குறையும்வரை மேயவிடுங்கள். இன்னொன்று: கிளோவர் பிடித்த தழைச்சத்து புல்லுக்கு நேராகப் போவது கொஞ்சமே. பெரும்பங்கு மட்கும் வேர், சாணம், மூத்திரம் வழியாகத்தான் வரும். அதனால் கிளோவர் தழைத்த பிறகும் புல் பச்சை கட்டச் சில வாரம் பிடிக்கும்.